யாரை யார் வெச்சிருந்தாங்க? டோரதியா ஜோர்டானின் கதை

இன்னைக்கு ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிப்போம். 'வைப்பாட்டி'. ஆண் காசு கொடுத்து வெச்சிருக்கான், அவ உட்கார்ந்து சாப்பிடுறாங்கிற நினைப்பு அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கு. ஆனா டோரதியா ஜோர்டான் வாழ்க்கையில கணக்கு வேற மாதிரி.

1785-ல் லண்டன் ட்ரூரி லேன் நாடக அரங்கில் அறிமுகமானவர் டோரதியா. நகைச்சுவை வேடம்னா அவர்தான். சில வருஷத்துல மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகன் வில்லியமுக்கு அவர் மேல காதல். சுமார் 20 வருஷம் சேர்ந்து வாழ்ந்தாங்க, 10 குழந்தைங்க.

அப்புறம் ஏன் கல்யாணம் பண்ணிக்கலை? 1772-ல் வந்த அரச குடும்பத் திருமணச் சட்டப்படி, மன்னர் சம்மதம் இல்லாத கல்யாணம் செல்லாது. ஒரு நடிகைக்கு அந்தச் சம்மதம் கிடைக்க வாய்ப்பே இல்லை. அதனால குழந்தைகளுக்கு ஃபிட்ஸ்கிளாரன்ஸ்னு தனிப் பெயர்; அரியணையில உரிமை கிடையாது.

லண்டனுக்கு வெளியே புஷி மாளிகையில குடும்பம். அங்கே விருந்துக்கு வர்ற பிரபுக்களுக்கு அவர்தான் வீட்டுத் தலைவி. அரசவையில மட்டும் இடமில்லை. இதுக்கு நடுவுல பிரசவம் முடிஞ்சு மறுபடி மேடை, மறுபடி பிரசவம். வில்லியமுக்கோ எப்பவும் கடன். டோரதியா நடிச்சுச் சம்பாதிச்ச பணமும் அந்த வீட்டுக்குள்ளதான் போச்சு. இப்ப சொல்லுங்க, யார் யாரை வெச்சிருந்தாங்க?

1811-ல் செல்ட்டன்ஹாமில் நடிச்சுக்கிட்டிருந்தப்ப வில்லியமிடமிருந்து கடிதம் வந்தது: பிரிஞ்சிடலாம். அவருக்கு இப்போ பணக்கார மணப்பெண் தேவை.

பிரிவு ஒப்பந்தத்துல ஆண்டுக்கு 4,400 பவுண்டு. சின்னப் பெண் பிள்ளைகள் அம்மாகூட இருக்கலாம். ஆனா ஒரு நிபந்தனை: மேடை ஏறினா, பிள்ளைகளும் அவங்களுக்கான பணமும் திரும்ப வில்லியமுக்கே. வேலையை விட்டா போட்டிக் கம்பெனியில சேரக்கூடாதுன்னு நம்ம ஆஃபர் லெட்டர்ல ஒரு வரி வருமே, நான்கூட அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கேன். இங்கே பிணையா வெச்சது பெத்த குழந்தைங்களை.

கடன் நெருக்க, மேடை ஏறினார். பிள்ளைகள் கைவிட்டுப் போனாங்க. அப்புறம் ஒரு மருமகன் இவர் பேர்ல ஏத்தி வெச்ச கடன். கைதுக்குப் பயந்து 1815-ல் பிரான்ஸ் போனார். 1816-ல் பாரிஸ் பக்கத்துல செயின்ட் க்ளூவில் குழந்தைகள் யாரும் பக்கத்துல இல்லாமலேயே இறந்தார்.

1830-ல் மன்னரான வில்லியம், சான்ட்ரி என்ற சிற்பியிடம் சொல்லி டோரதியாவுக்குப் பளிங்குச் சிலை செய்ய வெச்சார். குழந்தைகளோட இருக்கிற ஒரு தாயா. அந்தச் சிலை இப்போ பக்கிங்ஹாம் அரண்மனையில இருக்கு.

ராஜாவோட காதலின்னா பட்டும் வைரமும்தான் நமக்கு ஞாபகம் வரும். அடுத்த தடவை அப்படி ஒரு கதை கேட்டா, அந்த வீட்டு வரவு செலவையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!