ஈசினோபில் நிமோனியா: வைரஸ் காரணமா?

வெள்ளணுக்களில் ஒரு வகை ஈசினோபில். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இது 500-ஐத் தாண்டாமல் இருப்பதே இயல்பு. புழுத் தொற்றிலும் ஒவ்வாமையிலும் எண்ணிக்கை ஏறும். இந்த அணுக்கள் நுரையீரலின் காற்றறைகளில் குவிந்து அழற்சி உண்டாக்குவதே ஈசினோபில் நிமோனியா. காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் என்று சாதாரண நிமோனியா போலவே தொடங்கும்.

இந்த நோயின் வரலாற்றில் ஒரு முக்கிய பக்கம் ஓசூருக்கு வடகிழக்கே, கோலாரைத் தாண்டி, மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் எழுதப்பட்டது. அங்கே ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் 1940-இல் சிலரை விவரித்தார்கள். பார்வைக்குக் காசநோய்; ரத்தத்திலோ ஏராளமான ஈசினோபில். 1943-இல் வைன்கார்ட்டன் இதற்கு ‘வெப்பமண்டல ஈசினோபிலியா’ என்று பெயரிட்டார். யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகளை உடல் மூர்க்கமாக எதிர்ப்பதே காரணம் என்பது பின்னரே தெளிவானது. இரவில் வாட்டும் இருமல் இதன் அடையாளம். டைஎத்தில்கார்பமசின் மாத்திரை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வைரஸால் ஈசினோபில் நிமோனியா வருமா? 2009 பன்றிக்காய்ச்சல் பரவலிலும் பின்னர் கொரோனாவிலும், தொற்றோடு ஈசினோபில் நிமோனியாவும் கண்ட நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளனர். ஆனால் அவை தனித்தனி நிகழ்வுகள். வைரஸே காரணம் என்று நிறுவப் போதாது. வழி இருக்கிறது என்பது மட்டும் உண்மை. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சவ்வைப் புண்ணாக்கும்போது அங்கிருந்து கிளம்பும் வேதிச் செய்திகள் ஈசினோபிலை வரவழைக்கக்கூடும். ஈசினோபிலின் துகள்களில் வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் புரதமும் உண்டு; அதாவது வைரஸை எதிர்ப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கலாம். அந்த எதிர்ப்பு திசைமாறுவதும் உண்டு. 1960-களில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு, மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு எதிராகப் போட்ட தடுப்பூசி எதிர்ப்பாற்றலைத் தவறான வழியில் திருப்பியது. பிறகு அதே வைரஸ் தொற்றியபோது இருவர் இறந்தனர். அவர்களின் நுரையீரலில் ஈசினோபில்கள் காணப்பட்டன.

பொதுவாக, கடும் வைரஸ் காய்ச்சலில் ரத்த ஈசினோபில் குறையவே செய்யும். காய்ச்சலோடு அது உயர்ந்திருந்தால் ‘வைரஸ்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. எண்ணிக்கை சரியாக இருப்பதும் முழு ஆறுதல் அல்ல. ஈசினோபில் நிமோனியா திடீரெனத் தாக்கும் வகையும் உண்டு; அதில் தொடக்கத்தில் ரத்த எண்ணிக்கை இயல்பாகவே இருக்கலாம். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில்தான் ஈசினோபில் 25 சதவீதத்தைத் தாண்டும்.

திடீர் வகைக்குப் பெரிய தூண்டுகோல் சிகரெட், அதிலும் புதிதாகப் பிடிக்கத் தொடங்கிய சிகரெட். 2003-04இல் ஈராக்கிலும் அதன் அருகிலும் இந்நோய் கண்ட 18 அமெரிக்க வீரர்களும் புகைப்பவர்கள்; 14 பேர் அண்மையில்தான் தொடங்கியிருந்தனர். ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து, நைட் ஷிப்ட் அலுப்பில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கும் இளைஞருக்கு இது பொருந்தும். புதிதாக நெடியிலும் தூசியிலும் வேலை பார்ப்பது, சில ஆன்டிபயாடிக்குகள் ஆகியவையும் காரணமாகலாம்.

ஸ்டீராய்டு தந்தால் திடீர் வகை ஓரிரு நாளில் இளகும். ஆனால் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருப்பது தெரியாமல் கொடுத்தால் புழு பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் மருத்துவமனைக்குத் தாமதமின்றிப் போக வேண்டும். செய்யும் வேலை, புதிய சிகரெட் பழக்கம், சாப்பிட்ட மாத்திரைகள், சொந்த ஊர் ஆகியவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.