முடுக்கினால் சுருள்வில் கடினமாகுமா?
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர். மோட்டார் சைக்கிளின் பின்சக்கர ஸ்பிரிங்குக்கும் இது பொருந்தும் என்பதை, என் அண்ணன் கை ஒடிந்த பிறகே அறிந்தேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகளில் அண்ணன் மேஸ்திரி. செங்கற்பட்டிலிருந்து போய்வர, மேடுபள்ளப் பாதைக்கென அமைந்த 'எக்ஸ்பல்ஸ் 200' வண்டியொன்றைப் பழையதாக வாங்கினார். "மணலுக்கு ஸ்பிரிங்கை டைட்டாக வை" என்று யாரோ சொல்ல, 10 படிகளில் கடைசிப் படிவரை முடுக்கிவிட்டார். மணலில் முன்சக்கரம் புதைந்து விழுந்தார். ஒரு மாதக் கூலி போயிற்று. அம்மாவின் கம்மலை அடகு வைத்தே என் தேர்வுக் கட்டணம் கட்டினோம்.

சுருள்வில் அமுங்கும் அளவு, அதன் மீதுள்ள விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1678-இல் ராபர்ட் ஹூக் வெளியிட்டார். முடுக்குவதால் சுருள்வில்லின் மாறிலி மாறாது, அது கடினமாவதில்லை. முன்கூட்டியே சிறிது அமுங்கி நிற்கிறது, அவ்வளவே. ஆகவே ஆள் ஏறும்போது வண்டி குறைவாகத் தாழ்கிறது. பின்புறம் உயர்ந்து, பாரம் முன்னே சாய்கிறது. பள்ளத்தில் பின்சக்கரம் கீழிறங்கித் தரையைப் பற்றவும் இடமிராது.

சரிசெய்யும் முறை எளிது. பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து நேர்மேலே ஒரு குறிவரை அளக்கவும். பிறகு ஓட்டுபவர் ஏறி, இரு கால்களையும் மிதியில் வைத்து அமர, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மீண்டும் அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தாழ்வு. அது சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு இருக்க வேண்டும். இவ்வண்டியில் அசைவு 170 மி.மீ.; எனவே தாழ்வு சுமார் 50 மி.மீ. எங்களுக்குக் கிடைத்ததோ 28! கொக்கி ஸ்பேனரால் ஒவ்வொரு படியாகத் தளர்த்தி அளந்தோம். நான்காம் படியில் 51 வந்தது.

பின்னால் ஆளோ மூட்டையோ ஏறினால் மீண்டும் அளந்து முடுக்கலாம். கடைசிப் படியிலும் அதிகம் தாழ்ந்தால், வேறு ஸ்பிரிங்தான் மாற்ற வேண்டும். துள்ளலை அடக்குவது ஷாக் அப்சர்பரின் உள்ளேயுள்ள எண்ணெயின் வேலை. முடுக்கி அதைச் சரிசெய்ய இயலாது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆய்வகத்தில் சுருள்வில்லில் எடை தொங்கவிட்டு அளந்து, நோட்டில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். அதே அளவுகோலை அண்ணன் வண்டியருகே கொண்டு செல்ல மட்டும் தோன்றவில்லை. நண்பர்களே, உங்கள் வீட்டு வண்டியை இன்றே அளந்து பாருங்கள்.