பட்டாளத்திலிருந்து விலக்கப்பட்ட சிப்பாய்களின் மேல்முறையீடு

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கும் பட்டாள விவகாரத்துக்கும் என்ன சம்பந்தமென்று சிலர் கேட்கக்கூடும். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் செல்லும் சாலையிலுள்ள ஒரு சங்கத்தின் கடன் மனுக்களைத் தணிக்கை செய்தபோது அச்சம்பந்தம் எனக்கு விளங்கிற்று. மனுதாரர் ஒருவர் முன்னாள் சிப்பாய்; ஆயினும் வருமானம் குறிக்கும் இடத்தில் பென்ஷனைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. தனியே அழைத்து விசாரித்தேன். ரஜா முடிந்தும் உரிய காலத்தில் திரும்பாத குற்றம் நான்கு முறை பதிவானதால், பன்னிரண்டு வருஷ சேவைக்குப்பின் தம்மை விலக்கிவிட்டார்களென்றார். ஊராரிடம் இதைச் சொல்ல நாணி, பென்ஷன் வரத் தாமதமாகிறதென்றே கூறி வந்திருக்கிறார். உத்தரவுக் காகிதம் ஐந்து மாதமாகத் தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது. அவ்வைந்து மாதமும் பௌர்ணமிதோறும் கிரிவலம் வரத் தவறாத அவர், மனு ஒன்றேனும் எழுதவில்லை. அண்ணாமலையாரிடம் முறையிடுவது நன்றே. ஆனால் சர்க்காரிடம் முறையிடுவதற்கு வாயிதா உண்டு.

முதலில் அறியவேண்டியது, காகிதத்தில் எழுதியிருப்பது யாது என்பதே. 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டத்தில் "டிஸ்மிஸ்" என்பது ஒன்று, "டிஸ்சார்ஜ்" என்பது வேறு. டிஸ்மிஸ் ஆனவருக்குப் பொதுவாகப் பென்ஷனும் கிராஜுவிட்டியும் இல்லை. விசேஷ சந்தர்ப்பங்களில் மட்டும் ஜனாதிபதியின் பெயரால் கருணை காட்டலாம். டிஸ்சார்ஜ் ஆனவரோ, அது தண்டனைபோல் தோன்றினும், உரிய சேவைக் காலம் முடித்திருந்தால் பென்ஷனுக்கு உரியவரே. சிப்பாய்க்கு அக்காலம் 15 வருஷம்; சொற்பக் குறைவை மன்னிப்பதற்கும் விதி இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கிக் கிடைக்கவேண்டியதைக் கேளாமலே இருந்துவிடுவோர் உண்டு.

அமெரிக்கா தேசத்தில் 1944-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, விலகுதல் பத்திரத்தின் தரத்தை உயர்த்துவதற்கென்றே மறுபரிசீலனைச் சபைகள் ஏற்பட்டன. விலகி 15 வருஷத்துக்குள் அங்கே மனுச் செய்யலாம். நம் நாட்டில் அத்தகைய தனிச் சபை இல்லை. உத்தரவு முறைப்படி பிறந்ததா என்பதைக் குறித்தே இங்கு வழக்காடவேண்டும்.

ஆகவே முறை யாதென அறிவது அவசியம். கோர்ட்டுத் தண்டனையின் பேரிலல்லாமல் ஒருவரை டிஸ்மிஸ் செய்வதாயின், குற்ற விவரத்தைத் தெரிவித்து எழுத்துமூலம் சமாதானம் கேட்கவேண்டுமென்று 1954-ம் வருஷத்து ராணுவ விதிகளில் 17-வது விதி கூறுகிறது; விலக்குகள் சிலவே. டிஸ்சார்ஜுக்கு 13-வது விதி. நமது அங்கத்தினரைப்போல் நடத்தைத் தாளில் நான்கு சிவப்பு மைக் குறிப்புகள் பெற்றோர் விஷயத்தில், 1988 டிசம்பர் 28-ந் தேதியிட்ட ராணுவத் தலைமையகக் கடிதம் விசாரணை வேண்டுமென்கிறது. சேவையின் நீளம், பணி செய்த இடத்தின் கடினம், பென்ஷனுக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்பவற்றையும் கவனிக்கவேண்டும். வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டார், நான்கு குறிப்புகள் இருப்பதனாலேயே விலக்கிவிட முடியாதென்று தீர்ப்பளித்து, அவர் பென்ஷன் காலம் வரை சேவையிலிருந்ததாகவே கொள்ளவேண்டுமென்றனர். இடைக்காலச் சம்பளம் மட்டும் கொடுபடவில்லை.

இதைப் படித்து எல்லாருக்கும் ஜயமென்று எண்ணிவிடலாகாது. 2019-ல் சத்குர் சிங் வழக்கில் அதே கோர்ட்டார், மேற்படி விசாரணை இலாகா விசாரணைபோல் விரிவாக நடக்கவேண்டியதில்லை, நியாயமாக யோசித்து முடிவு செய்ததற்கு அடையாளம் இருந்தால் போதுமென்றனர். காரணம் கேட்டு வந்த நோட்டீசுக்கு அன்று என்ன பதில் எழுதினார் என்பதே பின்னர் பெரிதாகும். தாயாரின் வியாதியால் ரஜா கடந்திருந்தால், ஆஸ்பத்திரிச் சீட்டு இப்பொழுதேனும் தேடியெடுக்கத்தக்கது.

காகிதங்கள் கையில் இல்லையெனில், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்துடன் ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதி நடத்தைத் தாள், நோட்டீஸ், உத்தரவு ஆகியவற்றின் நகல் பெறலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அந்த ஆபீஸ் நீலகிரி வெல்லிங்டனில் இருக்கிறது. பிறகு ராணுவ மேலதிகாரிகளுக்கு மனு. ரிஜிஸ்தர் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துக. மனு தள்ளப்பட்டால், அந்த இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் செல்லவேண்டும். ஆறு மாதமாகியும் பதிலே வராவிட்டால், அதற்குமேல் இன்னொரு ஆறு மாதம் தவணை. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்க அதிகாரமுண்டு. நாணம் தக்க காரணமாகுமா என்பது சந்தேகமே. 2007-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த இத்தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் பெஞ்சு இருக்கிறது. நீதித்துறையிலிருந்து ஒருவரும் படை உத்தியோகத்திலிருந்து ஒருவரும் சேர்ந்து விசாரிப்பர். வக்கீல் வைக்கலாம், தாமே வாதிக்கவும் செய்யலாம். இறந்துபோன சிப்பாயின் மனைவி மக்களும் மனுச் செய்ய உரியவர். கோர்ட்டுமார்ஷல் தண்டனைக்கும் அப்பீல் அங்கேயே. ஹைகோர்ட்டின் ரிட் அதிகாரமும் அற்றுவிடவில்லையென 2023-ல் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவுபடுத்தினர்.

வக்கீலுக்குப் பொருளில்லாதவர் ஜில்லாச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருமான வரம்புக்குட்பட்டோர், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு அங்கே இலவச உதவி கிடைக்கும். பென்ஷன் வாங்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்கும் தரகரிடம் சங்கக் கடனைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டாம். அத்தகைய கடன் வசூலாவதில்லையென்பது பஞ்சாயத்தார் அறிந்ததே.

நமது அங்கத்தினர் மறுவாரமே ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதினார். வந்த நகல்களில் காரணம் கேட்கும் நோட்டீஸ் இருந்தது. விசாரணை நடந்ததற்கான குறிப்பு ஒன்றும் இல்லை. அதையே முதற் காரணமாக வைத்து அவர் அனுப்பிய மனு தள்ளப்பட்டது. தள்ளிய நான்காம் மாதத்தில் சென்னையில் வழக்குத் தாக்கலாகி விசாரணைக்குக் காத்திருக்கிறது. கடனைச் சங்கத்தார் அவருடைய நிலத்தின் ஈட்டின்பேரில் அனுமதித்தனர். மனுவில் வெறுமையாக விட்டிருந்த இடத்தில், "பென்ஷன் இல்லை, மேல்முறையீடு நிலுவையில்" என்று அவரே தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டார்.