வாசலில் தொங்கிய உள்ளங்கை

எழுத்தறியாத ஜனங்கள் மிகுந்திருந்த காலத்தில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், செருப்புத் தைப்பவர் பெரியதொரு மரப் பூட்ஸையும், மருந்துக் கடைக்காரர் கல்வத்தையும் குழவியையும், மூக்குக்கண்ணாடி விற்பவர் ஆளுயரத்துக்கு மேலே ஒரு பெருங்கண்ணாடியையும் வாசலில் தொங்கவிட்டே தம் தொழிலை அறிவித்து வந்தார்கள். கைரேகை பார்ப்பவருக்கோ விரித்த உள்ளங்கையே போதுமானதாயிற்று.

அமெரிக்காவில் கலைப்பொருள் சேகரிப்போர் ஆவலோடு தேடும் அந்தப் பழம்பலகைகளில் ஒன்றை அருகே நின்று பார்த்தால், தகரத்திலோ மரத்திலோ தீட்டிய அக்கையில் உயிருள்ள கையின் நிழலோ மடிப்போ இராது. தேசப்படத்தில் நதிகளை வரைவதுபோல, சுக்கிர மேட்டை வளைத்து மணிக்கட்டை நோக்கி இறங்கும் ஆயுள் ரேகையும், உள்ளங்கையின் குறுக்கே ஓடும் புத்தி ரேகையும், விரல்களை ஒட்டிய இருதய ரேகையும் அழுத்தமாக வரையப்பட்டிருக்கும். ஆள்காட்டி விரலடியில் குரு, நடுவிரலடியில் சனி, மோதிர விரலடியில் சூரியன், சுண்டுவிரலடியில் புதன் என்று கிரகங்களின் பெயர் பொறித்த பலகைகளும் உண்டு. ரொட்டிக் கடைக்குப் பலகை எழுதிய அதே ஓவியர் இந்தச் சாஸ்திரத்தை எங்கே கற்றார்? அச்சுப் புத்தகங்களின் கைப்படங்களைப் பார்த்தே வரைந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

அத்தகைய புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. பிரான்ஸில் தெபரோல் என்பவர் 1859-இல் வெளியிட்ட நூல் பழைய ரேகை சாஸ்திரத்துக்குப் புத்துயிர் அளித்தது. பின்னர், 1866-இல் அயர்லாந்தில் பிறந்து, இந்தியாவில் ஒரு பிராமணரிடம் இவ்வித்தையைக் கற்றதாகச் சொல்லிக்கொண்ட சீரோ என்பவர், மார்க் ட்வெய்ன் போன்ற பெரியோரின் கைகளையே பார்த்துப் பெருங்கீர்த்தி அடைந்தார். அவருக்குப் பிரபுக்களின் மாளிகைகள் திறந்திருந்தன. ஊர் ஊராகத் திரிந்து கூடாரத்தில் குறி சொன்ன ஏழைப் பெண்களுக்கோ சட்டமே பகையாயிற்று. இங்கிலாந்தின் 1824-ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டம், கைரேகையைக் கொண்டு ஜனங்களை ஏமாற்றுவோரைச் சிறையிலிடலாம் என்று பெயர் சொல்லியே விதித்தது. சாஸ்திரத்தின் சத்தியம் எப்படியாயினும், ஒரே வித்தைக்கு இருவகை நீதி வழங்கியது கொடுமையே.

நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் 1932-இல் சாமானிய மக்களின் கலையைக் காட்சிக்கு வைத்த காலந்தொட்டு, வாசலில் தொங்கிய இத்தகைய தொழிற்சின்னங்களும் கலையென்று மதிக்கப்பெற்றன. வாங்குவோர் சிலர் மங்கிய வர்ணத்தைச் சுரண்டிப் புதுப்பூச்சுப் பூசிவிடுகிறார்கள். வெயிலில் வெளிறிய அந்த முதற்பூச்சிலேதான் ஓவியனின் கைவண்ணம் இருக்கிறது, அதைத் தொடாமல் காப்பதே அவனுக்குச் செய்யும் மரியாதை.