மின்சார ஸ்கூட்டர் ஓடாது நின்றால்

காலையில் பால் கொண்டு செல்லும் மின்சார ஸ்கூட்டர், விளக்கு எரிந்தும் சக்கரம் சுழலாது நிற்குமாயின், உடனே புதிய பாட்டரி வாங்குவது பெரும்பாலும் வீண் செலவேயாகும். பல வண்டிகளில் பிரேக் பிடியினுள் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைத் தடுக்கும் சிறு சுவிட்சு உண்டு. சேறு படிந்து அது அழுந்தியே கிடப்பதுண்டு. பக்கத்தாங்கியின் சுவிட்சும் அவ்வாறே.

இவை சரியாயிருந்தும் ஏற்றத்தில் வண்டி சோர்ந்தால் பாட்டரிகளைச் சோதிக்கவேண்டும். ஈய அமிலப் பாட்டரியில் ஓடும் 48 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பாட்டரிகள் நான்கு தொடராயிருக்கும். முழுதும் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்தபின் ஒவ்வொன்றும் சுமார் 12.7 வோல்ட் காட்டும். ஆயினும் இதனை மட்டும் நம்பலாகாது. ஏற்றத்தில் ஓட்டி நிறுத்திய கையோடு அளக்கையில், மற்றவற்றினும் வெகுவாய்த் தாழ்ந்து நிற்பதே பழுதானது. அளக்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுதல் நன்று. மற்ற மூன்றும் பழையனவாயின், ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவிற் கெடும்.