பல்கலைக் கழகமும் பக்கத்துத் தெருவும்

பெருநகரத்தின் நடுவே அமைந்த பல்கலைக் கழகத்துக்கு இயல்பான ஒரு சங்கடம் உண்டு. கதவைத் திறந்து வைத்தால்தான் கல்வி நடக்கும். நூலகம் பின்னிரவு வரை இயங்க வேண்டும். ஆய்வுக் கூடங்களில் விடிய விடிய விளக்கெரிய வேண்டும். மாணவர்களோ பெரும்பாலும் ஊருக்குப் புதியவர்கள். கையில் பொருள் உள்ளவர்கள். அச்சம் அறியாத வயதினர். வழிப்பறிக்காரனுக்கு இதைவிட வாய்ப்பான இடம் எது? ஆகவே, "மதிலை உயர்த்துங்கள், வாயிலைப் பூட்டுங்கள்" என்ற குரல் எழுவதில் வியப்பில்லை. அந்த யோசனை எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை, அமெரிக்க நாட்டில் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராயலாம் என்று கருதுகிறேன்.

பெஞ்சமின் பிராங்க்ளின் தோற்றுவித்த பழைய கல்வி நிலையம் அது. 1872-ஆம் ஆண்டில் நகரத்தின் நெரிசலை விட்டு, ஆற்றைக் கடந்து, மேற்குப் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. அமைதியான புறநகராக அப்போது அப்பகுதி இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வசதி படைத்த வெள்ளையர் தொலைவிலுள்ள புதிய குடியிருப்புகளுக்குச் சென்றனர். தென் மாநிலங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த கறுப்பின மக்கள், வேலை குறைந்துகொண்டே வந்த அந்நகரில் தங்கினர். அதே வேளையில் பல்கலைக் கழகமோ வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு இடம் வேண்டியிருந்தது.

1959-இல் பல்கலைக் கழகமும் அண்டையிலிருந்த பிற கல்வி, மருத்துவ நிலையங்களும் சேர்ந்து ஒரு கழகம் அமைத்தன. நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில், 1960-களில், 'பிளாக் பாட்டம்' என்று வழங்கிய கறுப்பின மக்களின் குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. வீடுகள், கடைகள், கோயில்கள் எல்லாம் போயின. ஆயிரக்கணக்கானோர் இடம் பெயர்ந்தனர். 1969 பிப்ரவரியில் மாணவர்களே கல்லூரி மண்டபத்தில் அமர்ந்து இதனை எதிர்த்து மறியல் செய்தனர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆயினும் இடித்தவை இடித்தவையே. அண்டை வீட்டாரின் மனத்தில் விழுந்த அந்தத் தழும்பு பல்லாண்டு ஆறவில்லை.

அதன் பின் எழுந்த கட்டடங்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். பல, தம் முகத்தை உள் முற்றத்துக்கும் முதுகைத் தெருவுக்கும் காட்டி நின்றன. தெருப்பக்கம் வெறுஞ்சுவர். மாலை மயங்கியதும் அங்கே நடப்பாரும் இல்லை, நோக்குவாரும் இல்லை. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961-இல் எழுதிய புகழ் பெற்ற நூலில் இதைத்தான் எச்சரித்திருந்தார். தெருவைக் காப்பவை அதன் மேல் பதிந்திருக்கும் கண்கள் என்பது அவருடைய கொள்கை. கடைக்காரர், திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர், பந்தாடும் சிறுவர் ஆகிய இவர்களெல்லாம் சம்பளமில்லாக் காவலர்கள். வெறுஞ்சுவருக்குக் கண் ஏது?

மதிலுக்கு உள்ளே இருப்போர் எல்லாரும் நல்லவர் என்று நம்புவதும் தவறு. 1986 ஏப்ரலில், அதே மாநிலத்தில் பெத்லகேம் என்ற ஊரிலுள்ள லீகை பல்கலைக் கழகத்தில், ஜீன் கிளெரி என்ற பத்தொன்பது வயது மாணவி தம் விடுதி அறையிலேயே கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கொன்றவன் வெளியாள் அல்லன். அங்கேயே பயின்ற மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை, போக வர வசதியாக இருக்கட்டும் என்று மாணவர்கள் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தனர். அவ்வழியே அவன் நுழைந்தான். விடுதிகளை மேற்பார்த்த அனுபவமுடைய நான் அந்த முட்டை நன்கு அறிவேன். சில நாள் செங்கல்லாக இருக்கும். சில நாள் யாரோ ஒருவருடைய செருப்பாக இருக்கும்.

மகளை இழந்த பெற்றோர், அக்கல்லூரியில் முன்னரே நிகழ்ந்த குற்றங்களைப் பற்றித் தங்களுக்கு எவரும் சொல்லவில்லையே என்று குமுறினர். ஊர் ஊராகச் சென்று முறையிட்டனர். அதன் பயனாக 1990-இல் நாடு முழுமைக்குமான சட்டம் ஒன்று பிறந்தது. 1998-இல் அதற்கு அம்மாணவியின் பெயரே சூட்டப்பட்டது. அரசின் உதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் கடந்த மூன்றாண்டுக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கல்லூரிக் காவல் துறை நாள் தவறாமல் குற்றப் பதிவேடு எழுதி, கேட்டவர்க்குக் காட்ட வேண்டும். ஆபத்து நீடிக்கும்போது உடனே எச்சரிக்க வேண்டும். துன்புற்றவரின் பெயரோ மறைக்கப்பட வேண்டும். குற்றத்தைச் சொல்வது வேறு, துன்புற்றவரைக் காட்டிக் கொடுப்பது வேறு அன்றோ? 'எங்கள் வளாகத்தில் ஒரு குற்றமும் நிகழவில்லை' என்று எழுதும் கல்லூரியை, நாற்பது எழுதும் கல்லூரியை விட அதிகமாகச் சந்தேகிப்பவன் நான். பிந்தியதில் முறையிட வழியும், எழுதிக்கொள்ள மனமும் இருக்கின்றன என்றாவது நம்பலாம்.

2024 டிசம்பரில் இச்சட்டத்தில் பகடிவதைக் கொடுமைகளின் கணக்கும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாடு இதில் முந்திக்கொண்டது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட பிறகே, 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் இங்கு வந்தது.

அதே 1996 பிலடெல்பியாவுக்கும் கொடிய ஆண்டாயிற்று. இலையுதிர் காலத்தில் துப்பாக்கி முனை வழிப்பறிகள் பெருகின. மாணவர் ஒருவர் சுடப்பட்டுக் காயமுற்றார். அக்டோபர் 31-ஆம் நாள் இரவு, பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் வழிப்பறிக்காரர்களை எதிர்த்தபோது கத்திக் குத்துக்கு இரையானார். பெற்றோர் கலங்கினர். அப்போது தலைவராக இருந்தவர் ஜூடித் ரோடின் அம்மையார்; மேற்குப் பிலடெல்பியாவிலேயே வளர்ந்தவர்; அப்பல்கலைக் கழகத்தின் பழைய மாணவி. அவர் காவலர்களைக் கூட்டினார். அது எவரும் செய்வது. அதனோடு நில்லாமல், பல்கலைக் கழகத்தின் முகத்தைத் தெருவை நோக்கித் திருப்பினார் என்பதே கருதத் தக்கது.

முதலில் விளக்கு. வீட்டு வாசலில் நடைபாதை விளக்குப் பொருத்தும் உரிமையாளருக்குச் செலவில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். அரசு நட்ட கம்பம் அணைந்தால் புகார் எழுதி மாதக்கணக்கில் காத்திருப்போம்; நம் வீட்டு விளக்கு அணைந்தால் மறுநாளே மாற்றுவோம். 1997-இல் வட்டார அமைப்பு ஒன்று தோன்றியது. அதன் பணியாளர்கள் பளிச்சென்ற சீருடையில், ஆயுதமின்றித் தெருக்களில் நடந்தனர். இரவில் கேட்டுக்கொண்டவர்களை வீடு வரை துணை சென்று விட்டனர். வெறுஞ்சுவர் நின்ற தெருக்களில் புத்தகக் கடையும் உணவகமும் மளிகைக் கடையும் வந்தன. வளாகத்தை விட்டு வெகு தூரம் ஓடிப்போய் வாழ்ந்த ஊழியர்கள் அக்கம் பக்கத்திலேயே வீடு வாங்கக் கடன் உதவி கிடைத்தது. பகலில் பாடம் சொன்னவர் மாலையில் அதே தெருவில் நாயோடு உலாவினால், அங்கே இரண்டு கண்கள் கூடின அல்லவா?

இவற்றிலெல்லாம் என் உள்ளத்தை ஈர்ப்பது 2001-இல் திறக்கப்பட்ட பள்ளிக்கூடமே. பல்கலைக் கழகமும் நகரக் கல்வித் துறையும் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து நிறுவிய பொதுப் பள்ளி அது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணியும், அதே பல்கலைக் கழகத்தில் 1921-இல் அப்பட்டம் பெற்றவருமான சேடி அலெக்சாண்டரின் பெயர் அதற்கு இடப்பட்டது. நகரத்தின் ஏனைய பள்ளிகள் பணமின்றித் தவிக்க, இப்பள்ளிக்குப் பல்கலைக் கழகம் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் உதவியது. இளம் பெற்றோர் அப்பகுதியை விட்டு ஓடாமல் நின்றனர்.

குற்றங்கள் குறைந்தன. அந்தப் புகழ் முழுவதையும் இத்திட்டத்துக்கே சூட்டிவிடக் கூடாது. 1990-களில் அமெரிக்கா நெடுகிலுமே குற்றங்கள் வீழ்ச்சியுற்றன. இன்றும் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பல்கலைக் கழகக் காவலர்கள் இருக்கிறார்கள். அவசர அழைப்புக்கான நீல விளக்குத் தொலைபேசிகள் வழியெங்கும் நிற்கின்றன. ஆயினும், இருளில் வாயிலைத் தாண்டக் கூசிய மாணவர் பின்னர் நாற்பதாம் தெருவில் இரவுணவுக்கு நடந்து போனார் என்றால், துப்பாக்கி தாங்கிய காவலரோடு கடை விளக்குக்கும் அதில் பங்கு உண்டு.

இவ்வளவு சொன்னபின் கணக்கின் மறு பக்கத்தையும் படிக்க வேண்டும். அச்சம் நீங்கிய தெருவில் வாடகை ஏறிற்று. நல்ல பள்ளியின் எல்லைக்குள் வரும் வீடு, எல்லைக்கு அப்பால் உள்ள வீட்டை விட மிக விலை போயிற்று. 2013-இல் பாலர் வகுப்பில் இடம் பிடிக்கப் பெற்றோர் கடுங்குளிரில் நாட்கணக்கில் முன்னதாகவே வரிசை கட்டினர். கல்வித் துறை வரிசையைக் கலைத்துச் சீட்டுக் குலுக்கலுக்கு மாற வேண்டியதாயிற்று. பல்லாண்டு அத்தெருவுக்குக் கண்ணாக இருந்தவர்கள் வாடகை கட்ட மாட்டாமல் வெளியேறத் தொடங்கினர். பழைய பிளாக் பாட்டம் இருந்த நிலத்தில், அரசு உதவியோடு குறைந்த வாடகைக்குச் சுமார் 70 குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் அரசுடன் செய்திருந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2021-இல் அறிவித்தார். 1969-இல் செய்தது போலவே, மாணவர்கள் சிலர் 2022-இல் அம்மக்களுக்குத் துணையாகப் போராடச் சென்றனர்.