செவ்வந்தி: பூவும் தரும், மண்ணையும் காக்கும்

பல ஆண்டுகள் பற்றை மண்டிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கிக் கத்தரியோ தக்காளியோ நடுகிறோம். எருவும் இட்டோம், தண்ணீரும் விட்டோம். ஆயினும் செடிகள் வளராமல் நின்று, வெயிலேறியதும் வாடுகின்றன. மருந்து வாங்கக் கடைக்குப் போகுமுன் ஒரு செடியை வேர் அறாமல் கிண்டியெடுத்துக் கழுவிப் பாருங்கள். வேர் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால், அது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை. (பயறு, கௌப்பி வேர்களில் இருக்கும் சிறு முடிச்சுகள் வேறு. அவை நன்மை தருபவை. விரலால் தேய்த்தால் கழன்றுவிடும்.)

இப்புழு கண்ணுக்குத் தெரியாது. பலவகைக் களைகளின் வேரிலும் பெருகும். மணற்பாங்கான நிலத்தில் இதன் தொல்லை அதிகம்.

இதற்கு உதவுவது மேரிகோல்ட் எனப்படும் செவ்வந்தி. மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களில் பூக்கும். இலையைக் கசக்கினால் கடுமையாக மணக்கும். இதன் உயிருள்ள வேரில் வட்டப்புழுவைத் தாக்கும் பொருள் உண்டு. ஆனால் வரம்பில் இரண்டொரு செடி நட்டால் போதாது. மரக்கறி நடுவதற்கு முன், பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, இரண்டு மாதமாவது வளரவிட வேண்டும்.

செய்முறை இதுதான்:

1. விதையை நாற்றுமேடையில் தூவி மெல்லிய மண்ணால் மூடுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும்.

2. மூன்று நான்கு வாரங்களில், மாலை வேளையில், 20 முதல் 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுங்கள்.

3. களைகளைத் தவறாமல் பிடுங்குங்கள். களை நின்றால் புழு அதன் வேரில் பிழைத்துக்கொள்ளும்.

4. பூக்களைப் பறித்து மாலைக்கும் வழிபாட்டுக்கும் விற்கலாம். முடிவில் செடிகளை வெட்டி மண்ணோடு புரட்டிவிடுங்கள்.

இதனால் புழு அடியோடு அழிந்துவிடாது. அடுத்து வரும் பயிர் தப்பிப் பிழைக்குமளவுக்குக் குறையும். ஆகவே சுழற்சியாகச் செய்வதே நல்லது. இருக்கும் துண்டு நிலத்தில் இரண்டு மாதம் மரக்கறி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று நீங்கள் கேட்பது நியாயமே. பாதியில் செவ்வந்தியும் பாதியில் மரக்கறியும் வைத்து, அடுத்த போகம் மாற்றிக்கொள்ளுங்கள்.

நல்ல பூக்கள் சிலவற்றைச் செடியிலேயே காயவிட்டு, ஊசிபோன்ற கறுப்பு விதைகளை எடுத்து, நிழலில் உலர்த்திப் போத்தலில் அடைத்து வையுங்கள். அடுத்த போகத்துக்குக் காசு கொடுத்து விதை வாங்க வேண்டியதில்லை. வேறு காணிக்குப் போக நேர்ந்தாலும் அது உங்களோடு வரும்.